பெற்றோரின் உறவுமுறை

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. பெயர்தான் ஜெராக்ஸ், சோறு போடுவது மனு. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஆக்கிரமிப்பு என்று எதற்கும் டைப் அடித்துத் தருவேன். இருபத்திரண்டு வருஷமாக அரசாங்கத்தின் பதில் கடிதங்களைப் படித்துப் படித்து, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் இதில் என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். என் மனைவி முருகம்மாள் அதை வியாதி என்பாள். நான் அனுபவம் என்பேன்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து, படிவம் ஒன்றை நீட்டி ஐந்நூறு காப்பி கேட்டாள். அட்டையில் ஷிரின் பானு என்று இருந்தது. கடையநல்லூர்க்காரியாம். பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு பற்றி ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் அரசும் சேர்ந்து மரபணு ஆய்வு நடத்துகின்றன, சனிக்கிழமைதோறும் இங்கே ரத்த முகாம் என்றாள். ஒன்பதாவது கேள்வி, சமூகம். பதினொன்றாவது கேள்வி, பெற்றோரின் உறவுமுறை. அதற்குக் கீழே கட்டங்கள்: சொந்தமில்லை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன்.

நான் ஐந்நூற்று ஒரு காப்பி எடுத்தேன். ஒன்றை மேஜைக்குள் வைத்துக்கொண்டேன்.

என்ன சாதி, யாரை யார் கட்டியிருக்கிறான், இது இரண்டும் எதற்கு இவர்களுக்கு? என் வீட்டிலேயே தை மாதம் கல்யாணம். என் மகள் அபிதாவை, முருகம்மாளின் அண்ணன் மூக்காண்டியின் மகன் கோகுலுக்குக் கொடுப்பதாக நிச்சயம் முடிந்திருந்தது. சிவகிரியில் மாப்பிள்ளை வீடு. இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒருவர்மேல் ஒருவர் உயிர். நாளைக்கு ஒரு சட்டம் போட்டு, மாமன் மகனைக் கட்டியவளுக்கு ரேஷன் கிடையாது, மகப்பேறு உதவி கிடையாது என்று சொன்னால் என்ன செய்வது? அப்படிச் சொல்ல முதலில் பட்டியல் வேண்டும். பட்டியலைத்தான் எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அன்றே படிவத்தில் இரண்டு கேள்விகளையும் சிவப்பில் வட்டமிட்டு, 'வட்டார மக்கள் மேடை' வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எண்ணூறு பேர் இருக்கிற குழு. அதில் எனக்கென்று ஒரு எதிரி உண்டு. கடையநல்லூர் ஃபாரூக். துபாயில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தேர்தல், பெட்ரோல் விலை, அணை, கிரிக்கெட் என்று ஏழு வருஷமாக நாங்கள் ஒத்துப்போன விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு அவர் குரல் பதிவு போட்டார்.

"அண்ணாச்சி சொல்லுதது நூத்துக்கு நூறு. இன்னைக்கு ரத்தத்தை எடுப்பான், நாளைக்கு உன் பூர்வீகம் எங்கன்னு கேப்பான். எங்க ஆளுக யாரும் கையை நீட்டாதீங்க."

எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. அவர் பக்கத்துப் பயம் வேறு, என் பக்கத்துப் பயம் வேறு. இரண்டும் ஒரே ஊசிக்குத்தான். பிறகென்ன, நான் எழுத அவர் பேச, அவர் பேச நான் எழுத, குழு பற்றி எரிந்தது. மரபணுவை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்கு விற்கிறார்கள் என்று ஒருவர். நம் ஆட்களை மட்டும் தாக்கும் கிருமி செய்யப் போகிறார்கள் என்று குருவிகுளத்து ஆசிரியர் ஒருவர். ஆதாரம் எங்கே என்று நான் கேட்கவில்லை. மாற்றுக் கருத்து சொன்ன செல்வக்குமார் என்ற மருந்துக்கடைக்காரரிடம் மட்டும், "உமக்கு என்னவே கமிஷன்?" என்று கேட்டேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

முதல் முகாமுக்குத் தொண்ணூறு பேர் வந்தார்களாம். ஐந்தாவது முகாமுக்குப் பதினான்கு. நான் அத்தோடு விடவில்லை. திங்கள்கிழமை தென்காசிக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். அறுபத்தேழு கையெழுத்து. ஆள் வரவில்லையென்றால் முகாம் நடத்தும் மையத்தையே வேறு மாவட்டத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று தகவல் வந்தபோது, ஃபாரூக் எனக்குப் போன் செய்து, "ஜெயிச்சுட்டோம் அண்ணாச்சி" என்றார்.

அந்த வாரம்தான் அபிதாவைக் கவனித்தேன்.

அவள் தனியார் பள்ளியில் டீச்சர். போன் வந்தால் அடுப்படிக்குப் பின்னால் போய்ப் பேசினாள். நான் வந்தால் பேச்சு மாறியது. அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து பதினொரு அழைப்பு. அந்த எண் என் கடை பில் புத்தகத்திலும் இருந்தது. ஷிரின் பானு.

என் மகளை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் குழுவில் என்ன எழுதப் போகிறேன், மனுவை யாரிடம் கொடுக்கப் போகிறேன் என்று அவர்களுக்குச் சொல்வது இவள்தான் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு வரவில்லை. முகாம் நடக்கும் கட்டடத்துக்குப் போனாள். வாசலில் கோகுலின் பைக் நின்றது.

உள்ளே நுழைந்தேன். ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் அபிதாவும் கோகுலும். அந்தப் பக்கம் ஷிரின் பானு. அபிதா அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைகிட்ட உனக்கு என்ன வேலை?" என்று கத்தினேன்.

ஷிரின் பானு எழுந்து நின்றாள். கோகுல்தான், "மாமா, உக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை. அபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் முகாமிலேயே நாங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டோம்ப்பா. நீங்க குழுவுல போட்டதை நாங்க பாக்கதுக்கு முன்னாடி. ரெண்டு பேருக்கும் தலசீமியா கேரியர்னு வந்திருக்கு."

"அப்படின்னா?"

"எங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பிறக்கிற பிள்ளைக்கு வரலாம். நாலுல ஒரு பங்கு. வந்தா அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும்."

"இதெல்லாம் இவங்களே கட்டி விடுத கதை. கல்யாணத்தை நிறுத்தப் பாக்காங்க. நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"யாரும் நிறுத்தச் சொல்லலப்பா. நானும் நிறுத்த மாட்டேன்." அவள் குரல் ஏறியது. "வயித்துல பிள்ளை வந்ததும், பத்துப் பன்னெண்டு வாரத்துக்குள்ள டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிடலாம்னு மேடம் சொல்லுதாங்க. இந்த சென்டர் மூலமா போனா செலவில்ல. கூடவே இருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அந்த சென்டரைத்தான் நீங்க ஊரை விட்டுத் துரத்துதீங்க."

நான் அப்போது உட்கார்ந்தேன்.

ஷிரின் பானு அப்போதுதான் வாயைத் திறந்தாள். இன்னும் ஒரே ஒரு முகாம், வருகிற சனிக்கிழமை. அறுபது பேராவது வந்தால் மையம் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றாள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று ஏன் கேட்கிறோம் என்றால், ஒரே குடும்பத்து இரண்டு பேரிடம் ஒரே குறை இருக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் என்றாள். அதைப் படிவத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று நான் கேட்டேன். எழுதியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள்.

"யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்கப்பா" என்றாள் அபிதா. "சிவகிரி அத்தைக்குத் தெரிஞ்சா கெட்ட ரத்தம்னு சொல்லிருவாங்க."

அன்று நானும் சட்டைக் கையை மடக்கிவிட்டேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அபிதாவுக்கு அது எங்கள் இரண்டு பேரில் ஒருவரிடமிருந்துதானே வந்திருக்க வேண்டும். என்னிடமிருந்து என்று வந்தால் என் ரிப்போர்ட்டையே குழுவில் போட்டு, பாருங்கள், எனக்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மகள் பெயர் வெளியே வராது. வீட்டுக்குப் போய் முருகம்மாளையும் கூட்டி வந்தேன். இரண்டு நாளில் முடிவு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இருந்தது.

இருபது வருஷமாக ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியவள் அவள். ஏறவே ஏறாது. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவளை எத்தனை தடவை ஏசியிருப்பேன். ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பீரோவுக்குள் வைத்தேன்.

"இதை உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லாத" என்றேன்.

"ஏன்? நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன்?" என்று கேட்டாள். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

குழுவில் எழுதினேன். படிவத்தைப் பற்றி விசாரித்துவிட்டேன், பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் முகாமுக்குப் போகலாம் என்று. தெளிவாகத்தான் எழுதினேன், மனு எழுதுகிறவன் அல்லவா. ஐந்து நிமிஷத்தில் முதல் பதில் வந்தது.

"அண்ணாச்சி ஐடியை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க."

நான்தான் என்று குரல் பதிவு போட்டேன். "மிரட்டிப் பேச வைக்காங்க, குரல் நடுங்குது பாருங்க" என்றார் குருவிகுளத்து ஆசிரியர். என் மனுவின் நகலைப் போட்டு, இதில் உள்ள கையெழுத்தும் அந்தக் குரலும் ஒரே ஆளா என்று ஒருவர். கடைக்கு என்ன டெண்டர் கிடைத்தது என்று ஒருவர். ஐந்நூறு காப்பி எடுத்த பில் எவ்வளவு என்று இன்னொருவர். எனக்குக் கோபம் வந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. ஒவ்வொரு கேள்வியும் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபாரூக் எழுதினார்.

"அண்ணாச்சி, ஏழு வருஷம் உங்ககூட சண்டை போட்டிருக்கேன். நீங்க காசுக்குப் பேசுத ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல யாருக்காவது அந்தக் குறை இருக்கா? இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கு நானே ஆள் கூட்டிட்டு வாரேன். இல்லன்னா ஏன் மாறுனீங்கன்னு சொல்லுங்க."

எண்ணூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூக்காண்டியும் இருந்தான், சிவகிரிச் சொந்தம் முழுக்க இருந்தது. கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டது. நான் டைப் அடித்தேன்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் முருகம்மாள் பின்னால் நின்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டி வாசித்திருந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். எது மைக் பொத்தான் என்று கேட்டாள். சொல்லாவிட்டால் அபிதாவைக் கூப்பிடுவேன் என்றாள். காட்டினேன்.

"நான் முருகம்மாள் பேசுதேன். ஆறுமுகச்சாமி பொஞ்சாதி. இவுக பொய் எழுதியிருக்காக. எனக்கு அந்தக் குறை இருக்கு. என் ரத்தம், நான் சொல்லுதேன். மூக்கண்ணே, நீயும் இதைக் கேட்டுக்கிட்டுதான் இருப்ப. உனக்கும் இருக்கும், போய்ப் பாரு. நம்மளைப் பெத்தவுக குடுத்தது, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பிள்ளைக கல்யாணம் தையில நடக்கும். அதுக்குப் பொறவு பிறக்கிற பிள்ளை சொகமாப் பிறக்கணும், அதுக்குத்தான் அந்த டாக்டர்மாரு இங்கன இருக்கணுங்கேன். அம்புட்டுத்தான்."

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அப்போது போன் அடித்தது. ஃபாரூக்.

பேசச் சொல்லி முருகம்மாள் என்னிடம் நீட்டினாள், ஆனால் அவர் தேடியது என்னை இல்லை.

"மைனிகிட்டக் குடுங்க அண்ணாச்சி."

முருகம்மாள் பக்கம் நீட்டி ஸ்பீக்கரில் போட்டேன். அந்த நேரத்திலும், இந்த ஆள் இதைப் பதிவு செய்கிறானோ என்றுதான் என் புத்தி போனது.

"மைனி, எங்க தாத்தா, அதான் எங்க அக்கா ஆயிஷம்மாளை, சாச்சா மகனுக்குத்தான், எங்க சித்தப்பா மகனுக்குத்தான் குடுத்தோம். மூணு பிள்ளை. மூணும் வெளிறி வெளிறி, அஞ்சு வயசுக்குள்ள மவுத்தாப் போச்சு. கண்ணேறுன்னு சொன்னோம். செய்வினைன்னு சொன்னோம். மச்சான் வீட்டைச் சந்தேகப்பட்டு ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம். ஒருத்தரும் ரத்தத்தைப் பாக்கல. இப்ப என் மகள் முபஷ்ஷிராவை அதே வீட்டுலதான் பேசி வச்சிருக்கேன்."

அவர் அழுகிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஏழு வருஷத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு அக்காள் உண்டு என்றுகூட எனக்குத் தெரியாது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்றாள் முருகம்மாள். "மாப்பிள்ளைப் பையனையும் கூட்டிட்டு வாங்க. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நான் வாசல்ல நிப்பேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். நிலைப்படியில் அபிதா நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்னாலேயே போனாள். நான் எழுதிய அந்த ஒரு வரி திரையில் அப்படியே இருந்தது. இனி அழித்தாலும் எண்ணூறு பேரும் படித்தாகிவிட்டது.