நேரா நில்லுங்க

தையல்காரருக்கு முப்பது வருஷமாக வாயில் ஊறிப்போன வார்த்தை ஒன்று உண்டு: "நேரா நில்லுங்க." வந்தவர் வக்கீலானாலும் வாத்தியாரானாலும், அளவெடுத்து முடிக்கிறவரை அவர் முன்னால் விறைப்பாக நின்றே தீர வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் பைக்கிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். கட்டுப் போட்டு முடித்த கையோடு வண்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முட்டிக்கு பேட் வச்ச ஜீன்ஸ் விக்கிறாங்க. அதைப் போடாம இந்த வண்டியில யாரும் ஏறக் கூடாது."

வண்டி அவருக்கு உயிர். ஒரு மாதமாகப் பஸ்ஸில் தொங்கிப் பாதி ஆளாகிவிட்டார்.

கடைசியில் அந்த ஜீன்ஸ் விற்கும் கடைக்குப் போய், ஒன்றைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். ஜீன்ஸின் கால் நாலு விரல் கூடுதல் நீளம். பேட் முட்டிக்குக் கீழே தொங்கியது.

"சார், அந்த வண்டியில உக்காந்து பாருங்க." காட்சிக்கு நிறுத்தியிருந்த பைக்கைக் காட்டினாள் கடைப்பெண்.

"அளவு பாக்க உக்காரச் சொல்ற ஆளை இப்பத்தாம்மா பாக்கறேன். நான் யாருன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. பில் போட்டுக் கொடுத்தாள்.

தைத்தவனைத் திட்டிக்கொண்டே வீட்டில் கத்திரியை எடுத்தார். உள்ளே வைத்திருந்த உராய்வு தாங்கும் முரட்டுத் துணி மூன்று ஊசிகளைக் காவு வாங்கியது. மனிதர் அசரவில்லை. காலைக் கத்தரித்து, பேட் பைகளைப் பிரித்து மேலே ஏற்றித் தைத்து, போட்டுக்கொண்டு நின்று பார்த்தார். அச்சில் வார்த்தது போல இருந்தது.

"சாவி!" என்று கையை நீட்டினார்.

மனைவி வாசலுக்கு வந்தாள். "ஏறி உக்காருங்க, பாக்கலாம்."

உட்கார்ந்தார். முட்டி மடங்கியதும் ஜீன்ஸ் சரசரவென்று மேலேறிக் கெண்டைக்காலில் நின்றது. பேட் இரண்டும் தொடைக்குக் குடிபோயிருந்தன. கடைப்பெண் ஏன் உட்காரச் சொன்னாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"இனிமே தொடையில விழறதா உத்தேசமா?" என்றாள் மனைவி. "கழட்டிக் குடுங்க."

மனைவி அவரைவிட ஒரு சாண் குள்ளம். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இடுப்பு மட்டும் இருவருக்கும் ஒரே அளவாகியிருந்தது. ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். பேட் இரண்டும் அவள் முட்டியில் கச்சிதமாகப் பொருந்தின. அவள் மெக்கானிக் மகள்; ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க."

"அப்ப நான்?"

"ஜீன்ஸ் இல்லாதவங்க ஏறக் கூடாது. நேரா நில்லுங்க, ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்."

அரைக்கால் டவுசரில், வாசலில், தையல்காரர் நேராக நின்றார்.