வெள்ளிக்கிழமைப் பொட்டலங்கள்

"பதினொண்ணு," என்றார் குகனேஸ்வரன், கண்ணைத் திறக்காமலே.

பதினோராவது லோரி வளைவில் திரும்பி இறங்கி வந்தது. கருங்கல் ஏற்றிய லோரி. அது கடந்துபோனபோது வேனின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. பனியோடு கல்தூசியும் சேர்ந்து முன்கண்ணாடியில் படிந்தது.

"இந்த வண்டிக்கு பிரேக் தேஞ்சு போச்சு. கியர்லயே இறக்கறான். கெட்டிக்காரன்."

முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போன பிறகும் காது போகவில்லை. பக்கத்தில் அவர் மனைவி ரஞ்சிதம் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் போர்வை, ரொட்டி, ஆஸ்பத்திரி அட்டை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

தோட்டத்துச் சாலையில் ஒரு லோரிதான் போக முடியும். மேலே குவாரி. கீழே ரிங்லெட் டவுனுக்குப் போகும் பெரிய சாலை. நடுவில் வளைவு, வளைவில் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள். கல்லேற்றிய லோரிகள் இறங்கி முடிக்கும்வரை மற்ற வண்டிகள் நிற்க வேண்டும். அதிகாலை ஐந்தரையிலிருந்து இதுதான் நடக்கிறது.

"அக்கா, நான் அஞ்சரைக்கே வந்துட்டேன்லா," என்றார் வேனோட்டி சலீம். தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் மூன்று நாள் மட்டும் இவர்களுக்காக வேன் எடுக்கிறார். "இன்னும் சீக்கிரம் வரணும்னா, ராத்திரியே வந்து உங்க வாசல்ல படுத்துக்கறேன்."

"படுத்துக்கங்க பாய். இந்தச் சத்தத்துல தூக்கம் வந்தா எனக்கும் சொல்லிக் குடுங்க."

"பன்னெண்டு," என்றார் குகனேஸ்வரன்.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு அவர் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். அன்று போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். தாதி மலர் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்தவங்க பதினோரு மணிக்கு வந்துடுவாங்கக்கா. மூணு மணி நேரம்தான் ஓட்ட முடியும்."

நான்கு மணி நேரம் மிஷின் ஓட வேண்டும். இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை. அவர் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இப்படியே குறைந்துகொண்டு போனால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், பிறகு மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளொன்றுக்கு நாற்பது லோரி இறங்கும்போதே இந்த நிலை. குவாரிக் கம்பெனி மலையின் மறுபக்கத்தையும் உடைக்க மனுப் போட்டிருந்தது. அனுமதி கிடைத்தால் தொண்ணூறு லோரி.

ஆட்சேபம் சொல்ல விரும்பும் நிலச் சொந்தக்காரர்கள் புதன்கிழமை ரிங்லெட் மண்டபத்துக்கு வரலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆனால் இவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். சாலையும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்ட நிர்வாகியான துரை ஏற்கெனவே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகத் தோட்ட ஆபீஸ் கிராணி சொன்னார். இவர்கள் பகுதியான நாலாம் டிவிஷனில் தனி நிலப் பட்டா வைத்திருப்பது ஒரே ஒரு ஆள்தான்: மாரியம்மன்.

ரஞ்சிதம் கோயில் கமிட்டியின் செயலாளர். கோயில் பெயரில் ஆட்சேபக் கடிதம் எழுதினாள். தலைவர் ராமசாமி, பழைய கங்காணி, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

* * *

புதன்கிழமை மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். காய்கறித் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் பேசினார்கள். பிறகு ரஞ்சிதம் எழுந்து கடிதத்தை மலாயில் வாசித்தாள். வீட்டில் ஏழு முறை வாசித்துப் பார்த்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த நில அலுவலக அதிகாரி அம்மாள் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

கம்பெனி சார்பில் ஓர் இளைஞன் எழுந்தான். லிங்கேஸ்வரன் என்று பெயர், ஈப்போக்காரன். இஸ்திரி போட்ட சட்டை. ரஞ்சிதத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

தடித்த ஒரு ஃபைலை மேசைமேல் வைத்துத் திறந்தான். அத்தனையும் சின்னச் சின்ன ரசீதுகள். ஒவ்வொன்றிலும் தேதி, கோயில் முத்திரை, ரஞ்சிதத்தின் கையெழுத்து.

அவள் மேசைக்கு அருகே போய் மேலிருந்த சீட்டைப் படித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் கோயில் முன்மண்டபம் மண்தரையாக இருந்தது. மழையில் சேறு. கம்பெனி கருங்கல் பலகைகளை இலவசமாகக் கொடுத்தது. கமிட்டி ஒரு கல்லில் 'கருங்கல் தரை உபயம்' என்று கம்பெனி பெயரை வெட்டி வைத்தது. உபயதாரர் பெயருக்கு வெள்ளிதோறும் அர்ச்சனை செய்து, பிரசாதத்தை அவர் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். அது கோயில் முறை. கம்பெனிக்கு வீடு ஏது? வளைவில் கொடி பிடிக்கும் ஆளிடம் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். போய்ச் சேரவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதே என்று ரஞ்சிதம்தான் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சீட்டு வைத்தாள். 'தங்கள் தொழில் செழிக்க அம்மனுக்கு அர்ச்சனை செய்யப்பட்டது.' யாரும் கேட்காத சீட்டு. கிட்டத்தட்ட மூன்று வருடம், ஒரு வாரம்கூட விடவில்லை.

லிங்கேஸ்வரன் சீட்டை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னான். தப்பாக எதையும் சேர்க்கவில்லை. நூற்று நாற்பத்தெட்டு சீட்டு இருக்கிறது என்றான். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கம்பெனி செழிக்க வேண்டும் என்று உங்கள் கோயில் வாராவாரம் வேண்டிக்கொண்டது உண்மையா?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

"உண்மைதான். அது எங்க வழக்கம்," என்றாள் ரஞ்சிதம்.

அதிகாரி அம்மாள் பேனாவை மூடினார். ஒரே கோயில் வேண்டிக்கொள்ளவும் செய்கிறது, வேண்டாம் என்றும் சொல்கிறது, எதை எடுத்துக்கொள்வது? திங்கட்கிழமை நண்பகலுக்குள் தலைவர் கையெழுத்தோடு தெளிவாக ஒரு கடிதம் வேண்டும். வராவிட்டால் கோயிலின் ஆட்சேபம் கணக்கில் வராது.

திரும்பும் பஸ்ஸில், மண்டபத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு கூட உட்கார்ந்து வந்தாள்.

"உன்னைச் சீட்டு எழுதச் சொன்னது யாருடி? வாழையிலையில மடிச்சுக் குடுத்திருந்தா மாடாவது தின்னிருக்கும். சாட்சி இருந்திருக்காது."

"தெரியுது, விடு."

"ஏன்டி, நூத்தி நாப்பத்தெட்டு வாரமா அந்தக் கொடிக்காரன் சர்க்கரைப் பொங்கல் தின்னுருக்கான். நமக்குக் கொடியை ஒருநாளாச்சும் இறக்குனானா?"

ரஞ்சிதம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

* * *

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூசைக்கு முன், கமிட்டி முன்மண்டபத்தில் கூடியது. ஏழு பேரில் அம்மாக்கண்ணுவோடு சேர்த்து நாலு பேர் வந்திருந்தார்கள். உட்கார்ந்தது அந்தக் கருங்கல்மேல்தான். வேறு இடம் இல்லை.

"பேத்து எடுத்துத் திருப்பிக் குடுத்துடுவோம்," என்றாள் ரஞ்சிதம்.

ராமசாமி துண்டால் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சாமிக்கு ஊத்துன பால திருப்பிக் கறக்க முடியுமா?"

"அப்ப அர்ச்சனையையாவது நிறுத்துவோம் மாமா."

"தரை கிடக்கற வரைக்கும் அர்ச்சனை நடக்கணும். குடுத்தவன் கெட்டவனா நல்லவனான்னு அம்மன் கேட்டாளா? நாம யாரு கேக்கறதுக்கு?"

"அப்ப என் வீட்டுக்காரரு?"

ராமசாமிக்கும் வருத்தம்தான். குகனேஸ்வரன் லோரியில்தான் அவர் மகள் கல்யாணச் சாமான் எல்லாம் ஏறியது. ஆனால் முறை முறைதான்.

ரஞ்சிதத்துக்கு வாதாட உடம்பில் தெம்பில்லை. நேற்று வியாழக்கிழமை. நேற்றும் மூன்றே கால் மணி நேரம்தான் ஓடியது. இன்று காலை அவர் செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தார். அவள் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பூசாரி உபயதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடி உடைந்ததிலிருந்து அவரால் வாசிக்க முடியாது. ரஞ்சிதம்தான் பெயர் சொல்ல வேண்டும். அவள் எழுந்து வாங்கிக்கொண்டாள். விளக்கு உபயம், ஒரு பெயர். தண்ணீர்த் தொட்டி உபயம், ஒரு பெயர். வெண்கல மணி உபயம்.

அங்கே நின்றாள்.

"மாமா, மணி யார் உபயம்?"

"தெரியாத மாதிரி கேக்கற."

"உங்க சம்பந்தி. அவருகூட நீங்க பேசி எத்தனை வருசம்?"

"நாலு. அதுக்கென்ன இப்ப?"

"அவர் வீட்டுச் சாக்கடைய உங்க வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாருன்னு போலீஸ்ல புகார் குடுத்தது யாரு?"

"நாந்தான் குடுத்தேன். சும்மா விடுவனா? இன்னும் கேஸ் நடக்குதுலா."

"வெள்ளிக்கிழமை அவர் பேருக்கு அர்ச்சனை நின்னுச்சா?"

"அது எப்படி நிக்கும்? மணி குடுத்திருக்கான்லா."

"பொட்டலத்தை யாரு கொண்டுபோய் அவர் வீட்டு கேட்ல மாட்டறது?"

அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டிவிஷனுக்கே தெரியும். வெள்ளி தவறாமல் ராமசாமிதான் பொட்டலத்தைச் சம்பந்தி வீட்டு கேட்டில் மாட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்.

"அர்ச்சனை பண்ணிட்டதால புகாரை வாபஸ் வாங்கிட்டீங்களா மாமா?"

"அது வேற, இது வேற," என்றார் ராமசாமி.

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டது.

"அதைத்தான் எழுதப்போறேன்," என்றாள் ரஞ்சிதம்.

"எழுது. சாக்கடைய மட்டும் எழுதாத. அவனுக்குத் தெரிஞ்சா சிரிப்பான்."

பெயர்களை முழுக்க வாசித்தாள். கருங்கல் தரைக்குரிய பெயரையும் வாசித்தாள். அன்றும் பொட்டலம் போனது. சீட்டு போகவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தானா ராத்தா நில அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தாள். அரைப்பக்கம்தான். கொடுத்தவருக்காக வேண்டிக்கொள்வது எங்கள் கடமை. அவர் செய்வதற்கெல்லாம் சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அர்ச்சனையும் நடக்கும், ஆட்சேபமும் இருக்கிறது. நாலாம் டிவிஷனில் ஒருவர் வாரம் மூன்று நாள் காலை ஏழு மணிக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கீழே ராமசாமியின் கையெழுத்து, இந்த முறை இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டது.

* * *

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. நகலை லிங்கேஸ்வரனே கோயிலுக்குக் கொண்டுவந்தான். காலணியை வெளியே கழற்றிவிட்டு, தன் கம்பெனி கொடுத்த தரையில் கால் வைத்து நின்றான்.

விரிவாக்கத்துக்கு அனுமதி. தொண்ணூறு லோரி. நிபந்தனை ஒன்று: காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை ஒரு லோரியும் ஓடக்கூடாது.

"இவ்வளவுதாம்மா முடிஞ்சது. உங்க லெட்டர் இல்லன்னா இதுவும் இல்ல."

"நீ யார் பக்கம் தம்பி?"

"சம்பளம் அந்தப் பக்கம்மா," என்றான். பிரசாதச் சுண்டலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சலீம் ஆறு மணிக்கு வந்தார். வளைவில் யாரும் இல்லை. கொடிக்காரனின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வேன் நிற்காமல் போனது.

"என்ன பாய், காது அடைச்ச மாதிரி இருக்கு," என்றார் குகனேஸ்வரன்.

ஆறு ஐம்பதுக்குப் படுக்கையில் இருந்தார். நான்கு மணி நேரமும் ஓடியது. ரஞ்சிதம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். மலர் வந்து தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பதினொன்றரை. பெரிய சாலையிலிருந்து தோட்டத்துச் சாலைக்குத் திரும்பி, வளைவை எட்டும்போது சிவப்புக் கொடி. மேலேயிருந்து லோரிகள். காலையில் ஓடாததெல்லாம் சேர்த்து இப்போது ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின.

சலீம் இஞ்சினை நிறுத்தினார். "மத்தியான வியாபாரம் போச்சு," என்றார். யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை.

கொடிக்காரன் சன்னலருகே வந்தான். "அக்கா, கொஞ்ச நாளா பொட்டலத்துல சீட்டு இல்லையாம். ஆபீஸ்ல கேட்டாங்க."

"இனிமே சீட்டு கிடையாது. பொங்கல் வேணும்னா சாப்பிடச் சொல்லு."

"ஆபீஸுக்கு எங்க போகுது," என்று சிரித்துவிட்டு அவன் தன் இடத்துக்குப் போனான்.

குகனேஸ்வரன் இருபத்து மூன்றுவரை எண்ணினார். பிறகு தலை ரஞ்சிதத்தின் தோளில் சாய்ந்தது. அவள் அவர் பாதங்களைப் பார்த்தாள். செருப்பு சரியாக மாட்டியிருந்தது.

இருபத்து நான்காவது லோரி வளைவில் திரும்பியது. அவள் எண்ணவில்லை. இப்போது எந்தப் படுக்கையும் காத்திருக்கவில்லை, எந்த ஊசியும் காத்திருக்கவில்லை. வீட்டில் ஆறிய சோறும் உப்பில்லாக் குழம்பும் இருக்கின்றன. எப்போது போனாலும் போகலாம். கண்ணாடியில் தூசி படிவதைப் பார்த்துக்கொண்டு, அவர் தலை நழுவாமல் தோளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.