பர்லாங்குக்கு ஒரு நிமிஷம்

நூலுக்கு ரேஷன் வந்து எங்கள் தறி சும்மா கிடந்த வருஷம் அது. தபால் பை சுமந்து ஓட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் என் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். ஐந்து மைல் ஓட்டம். நாற்பது நிமிஷத்துக்குள் முதலில் வருகிறவனுக்கு வேலை. போன வருஷமும் போனவர்தான். முதல் மைலை ஆறு நிமிஷத்தில் பறந்துவிட்டு நாலாவது மைலில் வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இந்தத் தடவையும் தோற்றால் தறியை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு மதுரைக்கு மில் வேலை தேடிப் போவதென்று முடிவாகியிருந்தது. எனக்குச் சங்கரன்கோவிலை விட்டுப் போக மனசே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். கணக்கென்றால் கொண்டாட்டம். ஐந்து மைலுக்கு நாற்பது நிமிஷமென்றால் மைலுக்கு எட்டு. மைலுக்கு எட்டு பர்லாங்கு. ஆக, பர்லாங்குக்கு ஒரு நிமிஷம்.

“ஏட்டி வள்ளித்தாய், நிமிஷத்த ரோட்டுல எப்படிப் பாக்கது? எங்கிட்ட வாச்சா இருக்கு?” என்றார். நியாயம்தான்.

பக்கத்து வீட்டு மகபூப் பீவியிடம் கைக்கடிகாரம் வாங்கிவந்து, அவரை வெறுந்தறியில் உட்கார வைத்தேன். வழக்கமான வேகத்தில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா நிமிஷத்துக்கு ஐம்பத்தைந்து தரம் ஓடியது. மூன்று தடவை பார்த்தேன், மாறவில்லை. பதினைந்து வருஷக் கை, எப்படி மாறும்? பிறகு ரோட்டில் ஒரு பர்லாங்குக் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஓடவிட்டேன். நூற்று அறுபத்தைந்து காலடி. ஐம்பத்தைந்தால் வகுத்தால் மூன்று.

“நாடா ஒரு தரம் போனா மூணு காலடி. மனசுக்குள்ள தறிய ஓட்டிக்கிட்டே ஓடும். எவன் முந்தினாலும் வேகத்தக் கூட்டப்பிடாது. கடைசிப் பர்லாங்கு மட்டும் உம்ம இஷ்டம்.”

ஓட்டத்தன்று ஒன்பது பேர் நின்றார்கள். இரண்டரை மைல் போய்த் திரும்ப வேண்டும். “ஏலே துரைப்பாண்டி, தறிக்குழில கால் ஆட்டுத வேலன்னு நெனச்சியா?” என்று இவரைச் சீண்டினான் மேலநீலிதநல்லூர் கோமதிநாயகம், நெட்டைக்காலன். எல்லோரும் சிரித்தார்கள். விசில் ஊதியதும் எட்டுப் பேர் பாய, இவர் கடைசியாகப் போனார். கணக்குப் போட்டவள் நான். தப்பினால் பழி என் தலையில்தான்.

அரைமணி கழிந்திருக்கும். சைக்கிளில் வந்த ஒருவர், “முன்னால போனவம்லாம் நடக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார். வளைவில் முதலில் தெரிந்தது கோமதிநாயகம்தான். கால் பின்னிக்கொண்டு வந்தான். பின்னால் இவர், கிளம்பும்போது பார்த்த அதே வேகம். கடைசிக் கல் வந்தது. மனுஷர் தறியை மறந்துவிட்டார். நெட்டைக்காலனைத் தாண்டி வந்த வேகத்தில் துண்டு பறந்துபோனது.

“முப்பத்தொம்பது நிமிஷம், நாப்பது செகண்ட்” என்றார் அதிகாரி. கடிகாரத்தை மறுபடி பார்த்துவிட்டு, “நாளையிலிருந்து பனவடலிசத்திரத்துக்குப் போற தபால் பை ஒனக்கு” என்றார்.

நான் ரோடென்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், ஊர் பார்க்க அந்தக் கையைப் பிடித்தது அன்றுதான்.