முப்பதாம் நாள் போஸ்டர்

மிலானில் ரயில் ஏறியதிலிருந்து எர்மானோ அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடத்தான் பார்த்தான். ஒன்பது மணி நேர ரயில். மனசு வைத்தால் ஒரு மனுஷன் தன் ஜாதகத்தையே சொல்லி முடிக்கலாம். இவன் பொலோன்யாவில் வாயைத் திறந்தான், டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். அன்கோனாவில் திறந்தான், ஜன்னலில் கடலைப் பார்த்துவிட்டு அவன் மனைவி என்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாரியில் திறந்தான், அவள் தூங்கிப்போயிருந்தாள். லெச்சே வந்து பெட்டியை இறக்கும்போதும் வாக்கியம் வயிற்றிலேயேதான் கிடந்தது.

வாக்கியம் பெரிதொன்றும் இல்லை. உன் அப்பா செத்து ஒரு மாசம் ஆகிறது. அவ்வளவுதான்.

என்ஸா வந்ததே அந்த அப்பாவைப் பார்க்கத்தான். மூன்று நாள் சும்மா பழைய ஊரைச் சுற்றிவிட்டு வருகிறோம் என்று மிலானில் மாடிக்காரியிடம் சொன்னதெல்லாம் மேல்பூச்சு. அவள் பிறந்து வளர்ந்தது தெற்கு இத்தாலியின் லெச்சேயில். முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால், ஊரறிய நிச்சயம் செய்த கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், கட்டாயப் பட்டாளச் சேவைக்கு அங்கே வந்திருந்த எர்மானோவோடு ஓடிப்போனவள். அவளுடைய அப்பா கோசிமோ பெயிண்ட் கடை வைத்திருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எனக்கு ஒரே பிள்ளை, ஊச்சோ மட்டும்தான்" என்றாராம். அந்த ஊச்சோ, என்ஸாவின் தம்பி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அப்பாவுக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் பண்ணுவான். மற்றபடி அந்த வீட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போன மாசம் என்ஸாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். படுக்கையில் கிடந்தபடியே அவள் தீர்மானம் பண்ணிவிட்டாள். "நாலு வாரம் கழிச்சுப் பிரயாணம் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. போய் அவர் முன்னால நிக்கப் போறேன். திட்டினா திட்டட்டும். ஊச்சோகிட்ட மூச்சு விடாத, அவன் உளறுவான், கிழவர் கதவத் தாப்பாள் போட்டுக்குவாரு." நாலு வாரம் முடிந்த சனிக்கிழமைக்கே டிக்கெட் எடுத்தாள். எண்பத்தேழு வயசுக்காரரால் கையைத் தூக்க முடியாது என்று, முன்னால் பொத்தான் வைத்த பழுப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கினாள். அளவு? முப்பத்திநாலு வருஷத்துக்கு முந்தைய தோள்களை நினைத்துக்கொண்டு கடைக்காரி முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எர்மானோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கல்லுப் பிள்ளையார் மாதிரி.

ஏனென்றால், அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாள் அவள் போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஊச்சோ கூப்பிட்டான். "மாமா, அப்பா போயிட்டாரு. நாளைக்கு அடக்கம். அக்கா வரணும். கடைசி வாரமெல்லாம் அவ பேரத்தான் கேட்டுட்டு இருந்தாரு."

அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் அன்றைக்குக் காலையில்தான் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஊச்சோ போன் மேல் போன் போடுவான், ரயிலேறி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவான். அதனால் எர்மானோ, "அவ வரமாட்டா" என்றான்.

"ஏன்?"

"விருப்பமில்லைங்கறா."

நல்லதுக்குத்தான் சொன்னான். சத்தியமாக நல்லதுக்குத்தான். ஆனால் முப்பத்திநாலு வருஷம் தன் பெயரைக்கூட வாயால் சொல்லாமல் "அந்தக் களிதின்னி" என்றே சொன்ன குடும்பம் அது. சோளக்களி தின்கிற வடக்கத்தியான் என்று தெற்கே உள்ளவர்கள் வைத்த பெயர். "விருப்பமில்லைங்கறா" என்று சொன்ன அந்த நொடியில் அவன் நாக்கில் லேசாக ஒரு தித்திப்பு இருந்தது. அதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை, கழுதை.

ஊச்சோ அப்புறம் கூப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெற்குக் காற்று வீசியது. நவம்பரில் அந்தக் காற்று வந்தால் லெச்சேயில் எதுவும் காயாது. படுக்கை விரிப்பு ஈரம், ரொட்டி ஈரம், மஞ்சள் கல் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். என்ஸா அறையில் மூன்று தரம் உடை மாற்றினாள். அப்புறம் இருவரும் காப்பிக் கடையில் நின்றார்கள். பாதாம் பால் விட்ட ஐஸ் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

"மிலான்ல முப்பது வருஷமா கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் இது போட வரல. நீயும் குடி, களிதின்னி."

"என்ஸா."

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்."

"பயமா இருக்கா? எனக்கும்தான். மாத்திரை போட்டாச்சு, கவலப்படாத. இங்க என்ன என்ஸான்னு கூப்பிடாத, அப்பாவுக்குப் பிடிக்காது. ஓரோன்ஸான்னு முழுசாக் கூப்பிடு. ஊர்ப் புனிதர் பேரு, அவர் ஆசையா வெச்சது. உங்க ஊர்க்காரங்க சிரிச்சாங்கன்னுதான் நான் வெட்டிக்கிட்டேன்."

அவன் காப்பியைக் குடித்தான். வாக்கியம் காப்பியோடு மறுபடி உள்ளே போனது.

வெளியே வந்ததும் அவனுக்கு வேறொரு வேலை இருந்தது. இந்த ஊரில் சாவு சுவரில் ஒட்டப்படும். கறுப்புக் கரை போட்ட போஸ்டர், செத்தவர் பெயர் பெரிய எழுத்தில், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர் வரிசையாக. பட்டாளத்துக் காலத்திலேயே அவன் பார்த்திருக்கிறான். மிலானில் இதெல்லாம் பத்திரிகையோடு சரி. ஒரு மாசத்துக்கு முந்தைய போஸ்டர் மேல் இந்நேரம் பத்துப் பேர் செத்து ஒட்டியிருப்பார்கள் என்று மிலானிலேயே கணக்குப் போட்டுத் தேற்றிக்கொண்டான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவளைத் தெருவின் நடுவிலேயே நடத்திக்கொண்டு போனான். ஒரு சுவர் நெருங்கினால், "அந்த பால்கனியப் பாரு" என்றான். இன்னொன்று நெருங்கினால், "அந்தச் சிங்கத் தலையப் பாரு" என்றான்.

"நான் பொறந்த ஊர எனக்கே சுத்திக் காட்றியா?" என்றாள் அவள்.

பாவி மனுஷன் ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். இந்த ஊர்க்காரன் எவனும் மறக்கமாட்டான். சாவுக்கு ஒரு தரம் ஒட்டுவார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு இன்னொரு தரம் ஒட்டுவார்கள்.

மத்தியானச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து கோட்டு மாட்டி, ஸ்வெட்டர் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வா, போலாம். நாளைக்குன்னா தைரியம் போயிடும்." வீட்டுக்குப் போகிற சந்துக்குள் நுழைந்தார்கள். வீட்டுக்கு ஐம்பதடி முன்னால் கோசிமோவின் பழைய கடை. மூடி எட்டு வருஷமாகிறது. துருப்பிடித்த இரும்புக் கதவு இழுத்து மூடியபடி இருந்தது. எர்மானோ அவளிடம் அந்தக் கணத்தில் உண்மையாகவே சொல்லத்தான் போனான். "ஓரோன்ஸா, நில்லு" என்று கையைப் பிடித்தான். அவள் ஏற்கனவே நின்றிருந்தாள்.

கடைக்கதவில் போஸ்டர் ஒட்டியிருந்தது.

கோசிமோ குவார்த்தா. நம்மைவிட்டுப் பிரிந்து முப்பதாம் நாள். மாறாத அன்புடன் நினைவுகூர்பவர்கள்: மகன் ஊச்சோ, மருமகள் பீனா, பேரப்பிள்ளைகள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பங்குக் கோயிலில் பூசை.

அவள் படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். எர்மானோ அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான், அது நின்றுவிடுமோ என்று. நிற்கவில்லை. அவள் சத்தம் போட்டு அழவும் இல்லை. கண்ணிலிருந்து மட்டும் வழிந்துகொண்டே இருந்தது.

"ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசமா செத்துக் கிடக்காரு, நான் ஸ்வெட்டருக்கு அளவு பாத்துட்டு இருந்தேன்."

"ஓரோன்ஸா..."

"என் பேரு இல்ல பாத்தியா."

அவன் அவள் தோளில் கை வைத்தான்.

"ஊச்சோகூட சொல்லல. அப்பா சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கியிருப்பாரு. சாகும்போதுகூட எனக்கு ஒரே பிள்ளைன்னுதான் சொல்லியிருப்பாரு." அவள் பையை அவன் கையில் திணித்தாள். "இத யாருக்காவது குடுத்துடு. வா, ஸ்டேஷனுக்குப் போலாம். பூசைக்கும் போகல, வீட்டுக்கும் போகல. என்னப் பெத்தவரே என்ன வேணாம்னு போனப்புறம் எனக்கு அங்க என்ன இருக்கு?"

எர்மானோவுக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தப்பித்தோம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு அவளை அணைத்துக் கூட்டிப்போனால் போதும். பழி செத்தவர் தலையில். இரவு ரயிலில் அவள் தன் தோளில் சாய்ந்துகொண்டு வருவாள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அப்போதுதான் பார்த்தான். ஈரக் காற்றில் பசை விட்டு, போஸ்டரின் கீழ்மூலை சுருண்டிருந்தது. அடியில் இன்னொரு கறுப்புக் கரை. முப்பது நாளுக்கு முந்தைய போஸ்டர். யாருடைய கடை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நடுவில் வேறு யாரும் அதன்மேல் ஒட்டவில்லை. சுருண்ட இடத்தில் மூன்று எழுத்துகள் தெரிந்தன. ...ரோன்ஸா.

எர்மானோவின் கை தானாகப் போய் அந்த மூலையை அழுத்தி ஒட்டியது. உள்ளங்கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

"அவருக்கு என் முகமே மறந்துபோயிருக்கும்" என்றாள் அவள், அவன் முதுகுக்குப் பின்னால்.

அந்தக் குரலை அவன் முப்பத்திநாலு வருஷத்தில் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரியின் குரல் இல்லை அது. வீட்டார் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்ட ஒரு சின்னப் பெண்ணின் குரல். அவனால் தாங்க முடியவில்லை. மூலையை நகத்தால் நெம்பி, மேல் போஸ்டரைப் பிடித்து இழுத்தான். ஈரத்தில் ஊறியிருந்ததால் பாதிக்கு மேல் ஒரே பட்டையாக உரிந்து வந்தது.

அடியில் இருந்தது. கோசிமோ குவார்த்தா. ஆறாத் துயரத்துடன் அறிவிப்பவர்கள்: அன்பு மகள் ஓரோன்ஸா, மருமகன் எர்மானோ, மகன் ஊச்சோ, மருமகள் பீனா.

அவளுடைய பெயர் முதலில் இருந்தது. தன் பெயரும் அங்கே இருக்கும் என்று எர்மானோ கனவிலும் நினைக்கவில்லை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். மேல் போஸ்டர் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அவள் முட்டாள் இல்லை.

"ஊச்சோ போன் பண்ணானா?"

"பண்ணான்."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப. ரெண்டாம் நாள். டாக்டர் எதுவும் சொல்லக்கூடாதுன்னு..."

"நான் ஆஸ்பத்திரில இருக்கேன்னு சொன்னியா?"

"இல்ல."

"வேற என்ன சொன்ன?"

சந்தில் ஒரு ஸ்கூட்டர் போனது. அது திரும்பி மறையும்வரை அவன் காத்திருந்தான். "உனக்கு வர விருப்பமில்லன்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள், கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுகிற மாதிரி.

"அப்பா என்னக் கேட்டாரா?"

பொய் சொல்ல இனி எதுவும் மிச்சம் இல்லை. "கடைசி வாரமெல்லாம் உன் பேரத்தான் கேட்டாருன்னு சொன்னான்."

அவள் அந்த இரும்புக் கதவில் கையை ஊன்றிக்கொண்டாள். அவன் பிடிக்கப் போனான். அவள் மறுகையை உயர்த்தித் தடுத்தாள். மூச்சு சீரானதும் விரலை நீட்டி, அவன் பெயர் அச்சாகியிருந்த வரியைத் தொட்டாள்.

"மருமகன்னு போட்டிருக்காங்க பாரு. களிதின்னின்னு போடல."

கோயில் மணி அடித்தது, பூசைக்கு முதல் மணி. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் போட்டாள். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். "நீ வராத" என்றாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கோயில் இருந்த திசையில் நடந்தாள். இங்கே வந்த இரண்டு நாளில் அவள் சுவரோரமாக நடந்தது அதுதான் முதல் தரம்.

அவன் அரைமணி நேரம் அங்கேயே நின்றான். உரித்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை. அப்புறம், வராதே என்று சொல்லியும், போனான். கோயிலுக்குள் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். முன் பெஞ்சில் ஊச்சோவின் நரைத்த தலையும் அதை ஒட்டி அவளுடைய தலையும் தெரிந்தன. ஊச்சோவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் வீட்டார் வழக்கப்படி வாசலில் வரிசையாக நின்றார்கள். ஊச்சோ, ஓரோன்ஸா, பீனா. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினார்கள். வெளியே போக வேறு வழி இல்லை. எர்மானோ வரிசையில் சேர்ந்தான். ஸ்வெட்டர் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலது கை நகக்கண்ணில் பசை இன்னும் ஒட்டியிருந்தது.

ஊச்சோ அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை நீட்டவில்லை. அடுத்து அவள். அழுது வீங்கிய முகம், ஆனால் நிமிர்ந்து நின்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒன்பது மணி நேர ரயிலில் வராத வார்த்தை இங்கே மட்டும் வந்துவிடுமா?

அவள் கையை நீட்டினாள். அவனுக்கு முன்னால் போன அத்தனை பேருடைய கையையும் எப்படிப் பிடித்தாளோ அப்படியே இவன் கையையும் பிடித்து விட்டாள்.

"வந்ததுக்கு நன்றிங்க" என்றாள்.

பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். அந்த ஆள் நகரச் சொல்லி எர்மானோவின் முழங்கையைத் தொட்டார். எர்மானோ படியிறங்கினான்.