வரிநெல்லுக்குத் தைத்த பைகள்

நெல்பண்ணை உதவியாளர் சுவாமிதாஸ் வாயே திறப்பதில்லை என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். முன்பு மனிதர் அப்படி இல்லை. பாறசாலைச் சந்தையில் நின்று நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்டவர்கள் திருவனந்தபுரம் பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனதுண்டு. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள நாட்டிலிருந்து பிரிக்கக் கேட்ட எல்லைப் போராட்டம் வந்து அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டது. தமிழில் பேசினால் பண்ணைக் குமாஸ்தா கருணாகரன், "தான் இப்போ ஏது நாட்டுக்காரனா?" என்று, நீ எந்த நாட்டுக்காரன் என்கிற அர்த்தத்தில், மலையாளத்தில் சிரித்துக்கொண்டே கேட்பார். மலையாளத்தில் பேசினால் டீக்கடையில் தமிழ்க்காரர்கள் கிளாசை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். எதற்கு வம்பு என்று இரண்டு மொழியையும் விட்டுவிட்டார்.

வம்பு வீட்டுக்குள்ளும் வந்தது. அவர் மனைவி விமலகுமாரி களியக்காவிளைக்காரி. அவளுடைய அண்ணன் ரெத்தினதாஸ் ஊர்வலத்தில் போய்த் தடியடி வாங்கி மண்டை உடைந்து கிடந்தான். பார்த்துவிட்டு வந்தவள் கேட்டாள்.

"எனக்க அண்ணன் தலை பொட்டிக் கிடக்கான். நீங்க யாரு பக்கமாக்கும்?"

சுவாமிதாஸ் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் தருவது அரசாங்கம், அடிபட்டது மைத்துனன். என்ன சொன்னாலும் தப்பாகத்தான் வரும் என்று பேசாமல் இருந்தார். மறுநாள் அவள் பெட்டியைக் கட்டினாள். போவதற்கு முன், அவர் தைக்கச் சொல்லியிருந்த சிறு துணிப்பைகளை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். எதற்குப் பை என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தப் பைகள் வரிநெல்லுக்கு. அந்த ஆண்டு கன்னிப்பூ சாகுபடியில் குலைநோய் விழுந்து வயலெல்லாம் தீய்ந்துபோனது. பண்ணை நெல்லும் தப்பவில்லை. விளவங்கோடு தாலுகாவின் எல்லையை ஒட்டிய குளத்தில் மட்டும், யாரும் விதைக்காத வரிநெல் நீண்ட மீசையோடு நின்றது. வயலுக்குள் கண்டால் களை என்று பிடுங்கி எறிகிற காட்டுநெல் அது. சுவாமிதாஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூர் தூராகப் பார்த்தார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நோய்ப்புள்ளி இருந்தது. ஒரே ஒரு தூரில் பெயருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. அதன் விதையை எடுத்து நாட்டு நெல்லோடு ஒட்டுச் சேர்த்தால், நோய்க்கு அசையாத நெல் ஒன்று பிறக்கலாம். அவர் ஆயுளில் பார்த்த நல்ல காரியம் அதுதான்.

ஆனால் வரிநெல் கதிரில் நின்று காத்திருக்காது. முற்ற முற்றத் தண்ணீரில் உதிர்த்துவிடும். அதனால் கதிருக்குப் பை மாட்டி வாயைக் கட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில தூர்களுக்கும் கட்டினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் முளையை, அந்த ஊர்ப் பேச்சில் குத்தியை, அடித்து நூல் சுற்றினார். புள்ளி இல்லாத தூரின் குத்திக்குச் சிவப்பு நூல்.

குளக்கரையில் வீடு வைத்திருந்த விலாசினி பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டே பார்த்தாள்.

"சாரே, இது என்ன குத்தியாக்கும்?"

கருணாகரன் அன்று கூட வந்து கரையில் நின்றிருந்தார். எந்த மொழியில் பதில் சொல்வது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, சுவாமிதாஸ் காது கேளாதவர்போல நடந்துவிட்டார்.

கதிர் முற்றியிருக்கும் என்று கணக்கிட்டு அவர் திரும்பி வந்தபோது குளத்தில் ஒரு குத்திகூட இல்லை. வரிநெல்லையெல்லாம் ஒன்றுவிடாமல் யாரோ அறுத்திருந்தார்கள். தண்ணீருக்குமேல் தாள்கள் ஒன்றுபோல நின்றன. சிவப்பு நூல் தூர் எது என்று அவருக்கே தெரியவில்லை. கரையேறி விலாசினியின் முற்றத்தில் போய் நின்றார். கொடியில் பைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"குத்தியெல்லாம் நான்தான் பிடுங்கினேன்," என்றாள் அவள். குரலில் பயம் இல்லை. "நாடு பிரிக்கப் போறாங்க, எல்லைக்குக் குத்தி நாட்டுதாங்கண்ணு ஊரே செல்லுது. எனக்க வீடு இந்தப் பக்கமும் குளம் அந்தப் பக்கமும் போனா, பசுவுக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"பைக்குள்ள இருந்த நெல்லு?"

"தாள பசுவுக்கு அறுத்தேன், நெல்ல குளத்தில தட்டிவிட்டேன். துணி நல்ல துணியில்லியா, அலசிப் போட்டேன்."

சுவாமிதாஸ் வெறும் தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். குலைநோய், புள்ளியில்லாத தூர், சிவப்பு நூல், எல்லாவற்றையும் சொன்னார். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பேச்சு. பாதி தமிழும் பாதி மலையாளமுமாகக் கொட்டியது. விலாசினிக்கு இரண்டும் புரிந்தது. கேட்டு முடித்து, பைகளை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"இத அண்ணைக்கே ஒரு வாக்கு செல்லியிருந்தா, நான் காவலு இருந்திருப்பேனே சாரே."

அவர் பண்ணைக்குத் திரும்பவில்லை. களியக்காவிளைக்கு நடந்தார். வழியெல்லாம் அந்த ஒரு வாக்குதான் கூட வந்தது. தலையில் கட்டோடு முற்றத்தில் இருந்த ரெத்தினதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விமலகுமாரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"இது எதுக்குத் தைக்கச் சொன்னேண்ணு உன்கிட்ட நான் செல்லவே இல்ல," என்று பைகளை நீட்டினார்.

"நான் கேட்டதுக்கும் நீங்க ஒண்ணும் செல்லேல்ல."

"யாரு பக்கம்ணு எனக்கு இப்பவும் தெரியாது. நீ போனதுக்குப் பொறவு வீட்டில என்கிட்ட பேச ஒரு ஆளில்ல. அது மட்டும் தெரியும்."

ரெத்தினதாஸ் லேசாகத் திரும்பிப் பார்த்தான். சுவாமிதாஸ் நின்றபடியே குளத்தின் கதையைச் சொன்னார். விதை சேற்றில் கிடக்கிறது, வரிநெல் விதை எளிதில் சாகாது, ஆனால் முளைத்து வந்தால் எது எந்தத் தூரின் பிள்ளை என்று தெரியாது. இனி குளம் முழுக்கப் பை கட்டி, நோய் வரும்வரை காத்திருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

விமலகுமாரி பைகளை வாங்கினாள். ஒன்றில் தையல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"குளம் முழுக்கக் கட்டணும்ணா," என்றாள், "இது போராது."