ஒரே அரிதட்டில் இரண்டு வண்டுகள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுக் கோதுமைமா டின்னில் செத்துக்கிடந்த ஒரு செவ்வண்டிலிருந்து வந்தது. "எல்லா மாவண்டும் ஒன்றுதானே" என்றார் நண்பர். எனக்குக் கோபம் வந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

காத்தான்குடி, 1943. வாவிக் காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்...

(வேண்டாம். காற்றுக்கு இங்கே வேலையில்லை.)

யுத்தகாலம். சித்தி நபீஸா என்ற பெண் நோன்புக்கு விற்கவென்று ஒரு சாக்கு அரிசிமா இடித்து, வறுத்து வைத்திருக்கிறாள். அவள் பிழைப்பே அதுதான். உணவுப் பரிசோதகர் அழகரத்தினம் அதில் ஒரு பிடி சலித்து, அரிதட்டில் ஒரு வண்டைக் காண்கிறார். சாக்கோடு வாவியில் கொட்டச் சொல்கிறார்.

(சற்று முன் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில், கப்பலில் வந்த கோதுமை மாவைச் சலித்ததும் இதே அரிதட்டில்தான். மனுசன் அதைத் தட்டித் துடைக்கக்கூட இல்லை.)

3.

நபீஸாவை அழவைக்கப் பார்த்தேன். அவள் கண்களில் நீர்...

வரவில்லை. உள்ளே போய், தன் அரிசிப்பானையிலிருந்து இன்னொரு வண்டைப் பிடித்துவந்தாள்.

"வண்டு எங்கிட்டயும் இரிக்கி ஐயா. இதுதான் என்ட வண்டு. அது என்டயில்ல."

பக்கத்தில் மணிக்கூடு திருத்தும் ஹமீட், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"நபீஸாட வண்டுக்கு மீசை நுனியில மட்டும் குண்டு. மத்ததுக்கு மெல்ல மெல்லத் தடிச்சிப் போகுது. ரெண்டும் வேற சாதி."

"அப்ப சங்கக்கடை மாவையும் ஒருக்காப் பாருங்க ஐயா. அங்க சலிச்சிட்டுத்தானே இங்க வந்தீங்க. அது அங்கத்த வண்டு" என்றாள் நபீஸா.

அழகரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. ஒப்புக்கொண்டால் கப்பல் மாவையும் கொட்டவேண்டும். மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

"வண்டெண்டா வண்டுதான். கொட்டுங்க" என்றார்.

நபீஸா சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

4.

முடிவு ஒன்று: அழகரத்தினம் மனம் திருந்துகிறார். (நான் படைத்த ஆள். எனக்குத் தெரியும், திருந்தமாட்டார்.)

முடிவு இரண்டு: மா வாவியில் வெள்ளையாய்ப் பரவுகிறது. எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அதற்கு முதலில் "நபீஸா எழுந்தாள்" என்று எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன்.

"கொட்டுறெண்டா என்னயும் சேத்துத் தூக்குங்க" என்கிறாள். அழகரத்தினத்திடமா, என்னிடமா என்று நான் கேட்கவில்லை. "நபீஸா எழுந்தாள்" என்ற வரியை அடித்துவிட்டேன்.

ஆகவே அவள் சாக்கின் மேலேயே இருக்கிறாள். வண்டெல்லாம் ஒன்றுதான் என்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள், வந்து அவளை எழுப்பிப் பாருங்கள். நான் எழுப்பமாட்டேன்.