இன்னொரு சுந்தரதாஸ்

மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்து, பதினைந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்த சுந்தரதாஸ் நான்காவது தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து வீடு வந்து சேருவதற்குள் தோல்விக்குக் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். காரணத்தின் பெயரும் சுந்தரதாஸ்தான்.

ஆரியங்கோட்டுப் பக்கம் வட்டப்பாறைவிளை என்றொரு மேடு. அங்கே ரப்பர் பால் வெட்டுகிற ஒருவன் சுயேச்சையாக நின்று அறுநூற்று எண்பத்தொன்பது ஓட்டு வாங்கியிருந்தான். கேரள அரசியலில் இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. பலமான வேட்பாளர் நின்றால் அதே பெயருள்ள ஓர் ஆளை எங்கிருந்தாவது பிடித்து வந்து எதிராளி நிறுத்துவான். பெயரில் குழம்பி நாலு பேர் பொத்தானை மாற்றி அமுக்கினால் அவ்வளவும் அவனுக்கு லாபம். இப்படி நிற்கிறவனை அபரன் என்பார்கள். அபரன் தானாக நிற்க மாட்டான், யாராவது நிறுத்தினால்தான் நிற்பான். அரசியலில் நாலு நாள் சுற்றிய எவனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான்.

வேட்புமனு கொடுத்த அன்றைக்கே உதவியாளன் தீபு விஷயத்தை வந்து சொன்னான். சுந்தரதாஸ் அப்போது மீசையை நீவிக்கொண்டு சிரித்தார். "அபரன் இல்லாத்தவன் எல்லாம் ஒரு தலைவனாலே? நிக்கட்டும், நமக்குப் பெருமையாக்கும்" என்றார். 

ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து திரும்பும் வழியில் உதியன்குளங்கரையில் தேநீருக்கு வண்டி நின்றது. யாராவது அடையாளம் கண்டு அனுதாபம் சொல்லிவிடுவார்களோ என்று சுந்தரதாஸ் காரை விட்டு இறங்கவில்லை. தீபு கண்ணாடித் தம்ளரை ஜன்னல் வழியாக நீட்டியபடி குரலைத் தாழ்த்தினான்.

"சாரே, நான் ஒண்ணு சொல்லட்டா? ஊருல அவனுக்கு மணியன்னுதான் பேரு. கெட்டின பெண்டாட்டி கூட மணியன்னுதான் விளிப்பா. வோட்டர் கார்டிலே உள்ள பேரு சுந்தரதாஸ்னு எதிராளிக்கு எப்படித் தெரிஞ்சு?"

சுந்தரதாஸ் தம்ளரை வாங்கிக்கொண்டார். தேநீரைக் குடிக்கவில்லை.

பதில் அவருக்குத் தெரிந்திருந்தது.  பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சிவானந்தம் அண்ணன் சொன்னது காதில் அப்படியே கேட்டது. "எலே தாஸே, வட்டப்பாறையிலே உனக்க பேரிலே ஒருத்தன் உண்டு. எதிராளி கையிலே சிக்கினா உனக்கு ஆபத்தாக்கும், பாத்துக்க." அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிவானந்தம் யார் என்று சொல்ல வேண்டும். சுந்தரதாஸின் அரசியல் ஜாதகத்தை எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் அந்த ஆள் நிற்பார். ராஜா காலத்தில் கச்சேரிக் குமாஸ்தாக்களாக இருந்த சைவ வெள்ளாளக் குடும்பம். நிலம் போன பிறகும் ஊரில் மரியாதை மிச்சம் இருந்தது. சுந்தரதாஸ் முதன்முதலில் பஞ்சாயத்து மெம்பருக்கு நின்றபோது, "தெக்கதிலே உள்ள பய நமக்கு வேண்டாம்" என்று அவருடைய குடும்பத்தைக் குறைத்து முனகிய நாலு பெரிய வீடுகளின் வாயை அடைத்தவர் அவர். முதல் சட்டமன்றத் தேர்தலில் சுந்தரதாஸ் படுதோல்வி அடைந்து மூலையில் உட்கார்ந்தபோது, காட்டாக்கடைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், "தோத்தவன் மொதல்ல முகத்தைக் காட்டணும் மக்கா" என்று ஆள் ஆளாகக் கும்பிட வைத்தவரும் அவரே. அடுத்த மூன்று வெற்றிக்கும் பூத் பூத்தாக நடந்து தேய்ந்தது அவருடைய செருப்பு. தனக்கென்று ஒரு வாரியப் பதவி கூட அவர் கேட்டதில்லை.

சந்தேகம் வந்தவனுக்கு அதுவே ஒரு துப்பு. ஒன்றும் கேட்காதவன் எதற்காகக் கூடவே இருக்கிறான்?

ஒரு முடிச்சை அவிழ்க்கப் போனால் வரிசையாக எல்லாம் அவிழ்ந்து வந்தன. சிவானந்தத்தின் மகன் சிவபிரசாத்துக்குப் போன வருஷம் கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்தது. அந்த வங்கி எதிராளி கையில் இருக்கிறது. தேர்தலுக்கு முந்தின வாரம் சிவானந்தம் எதிர்க்கட்சிக்காரன் ஜாயுடன் பாறசாலையில் நின்று பேசியதைத் தீபுவே கண்ணால் கண்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே, பிரசாரத்தின் ஆரம்பத்தில், வேட்புமனுவுக்கு முன்பே சிவானந்தம் மூன்று தடவை வந்து, "தாஸே, ஒருக்கா வட்டப்பாறைக்கு ஏறு. ஆளுக கோவத்திலே உண்டு" என்று சொல்லியிருக்கிறார். மற்ற எந்த ஊரைப் பற்றியும் சொல்லாமல் வட்டப்பாறையை மட்டும் சொல்லுவானேன்?

வீட்டில் மனைவி சுகுமாரி கஞ்சியும் பயறும் எடுத்து வைத்து, அவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"சிவானந்தம் அண்ணன் அப்படிச் செய்யப்பட்ட ஆளு இல்ல" என்றாள்.

"நீ எதுக்கு அவருக்காகப் பேசுத?"

"ஆமா, நானும் அவரும் சேந்துதான் அபரனை நிறுத்தினோம். கஞ்சியைக் குடியுங்க."

சுந்தரதாஸ் கஞ்சியைக் குடித்தார். ஆனால் ஒரு நிமிஷம் அவளையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார். அந்த அளவுக்கு முற்றிப்போயிருந்தது வியாதி.

தேர்தலில் தோற்றால் கட்சி விசாரணைக் கமிஷன் வைப்பது இங்கே வழக்கம். ஜெயித்தால் தலைவரின் செல்வாக்கு, தோற்றால் தொண்டனின் துரோகம். அந்தத் தொண்டன் யார் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் கமிஷனின் வேலை. மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன்குட்டி என்ற மூத்த தலைவர் வந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஃபேன் கிறீச்சிடும் கட்சி ஆபீஸ் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிவானந்தம் வழக்கம் போல மடிப்புக் கலையாத வேட்டியில் வந்து, எப்போதும் உட்காரும் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பாயசம் கொடுத்தால் குடித்துவிட்டுப் போகிற முகத்துடன் இருந்தார்.

"சிவானந்தா, ஆ மணியனெ நினக்கு அறியாமோ?" கிருஷ்ணன்குட்டி மலையாளத்தில் ஆரம்பித்தார்.

"அறியும். வோட்டர் லிஸ்டிலே அவனைச் சேத்ததே நானாக்கும்."

"அவனுக்க பேரு சுந்தரதாஸ்னு நீங்க ஆருகிட்டயாவது சொன்னியளா?" இது தீபு.

"ஒரே ஒராளுகிட்ட சொன்னேன்." சிவானந்தம் சிரித்தபடி கையைக் காட்டினார். "இஞ்ச இருக்கப்பட்ட நம்ம தாஸுகிட்ட."

நாலைந்து பேர் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சுந்தரதாஸுக்குத் தோன்றியது. முகம் சூடாகிவிட்டது. இந்தக் கேள்வியைத் தான் கேட்கக் கூடாது என்றுதான் வந்திருந்தார், கேட்டுவிட்டார்.

"அண்ணே, வட்டப்பாறைக்கு ஏறு, வட்டப்பாறைக்கு ஏறுண்ணு மூணு வாட்டி வந்து சொன்னியளே. அவன் நிக்கப் போறான்னு உங்களுக்கு முந்தியே தெரியும், இல்லியா?"

 சிவானந்தம் தன் தாஸை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது, இது கூட்டம் இல்லை, குற்றவாளிக்கூண்டு என்று. அவருடைய கீழுதடு நடுங்கியதைச் சுந்தரதாஸ் கண்டார். கண்டும், "நல்லா நடிக்காரு" என்றுதான் நினைத்தார்.

"நான் ஏறிப் போனேன், ஆளுக சொன்னதைக் கேட்டேன், உனக்கிட்ட வந்து சொன்னேன். நீ போவல்ல." சிவானந்தம் எழுந்தார். "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல மக்கா."

யாரும் தடுக்கவில்லை. சாயங்காலம் தீபு, தேர்தல் கமிட்டி வாட்ஸ்அப் குழுவிலிருந்து சிவானந்தத்தின் எண்ணை நீக்கினான். இருபத்தைந்து வருஷத்துச் சினேகம் அப்படி ஒரு விரல் நுனியில் முடிந்தது.

ஆனால் கட்சியிலிருந்தே வெளியேற்ற வேண்டுமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தது போதாது, சாட்சி வேண்டும் என்று கிருஷ்ணன்குட்டி சொல்லிவிட்டார். மணியன் தன் வாயால் சிவானந்தத்தின் பெயரைச் சொன்னால் போதும். சுந்தரதாஸும் தீபுவும் ஒரு காலைப்பொழுதில் வட்டப்பாறைக்குக் கிளம்பினார்கள்.

கார் பாதி மேட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோடு இல்லை. மழை அறுத்த செம்மண் தடம்தான், நடுநடுவே பாறை. தடம் தொடங்கும் இடத்தில் உயரமான கம்பத்தில் ஹைமாஸ்ட் விளக்கு ஒன்று பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. கம்பத்தின் அடியில் சுந்தரதாஸின் பெயரும் படமும். எம்.எல்.ஏ. நிதியில் அவர் கொடுத்த விளக்கு. திறந்து வைக்க வந்தபோது இங்கேதான் நின்றார், மேலே ஏறவில்லை. இப்போது ஏறியதில் மூச்சு வாங்கியது.

மணியன் அப்போதுதான் பால் வெட்டி முடித்துத் திரும்பியிருந்தான். கைலியில் ரப்பர் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. வாசலில் அவன் மனைவி மினி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பழகிக்கொண்டிருந்தாள். வந்தவரைக் கண்டதும் அவள் அப்படியே நின்றாள்.

"வாங்க சாரே, இரியுங்க" என்றான் மணியன்.

"இருக்க வரல்ல. உன்னை ஆரு நிறுத்தினா?"

"என்னை ஆரும் நிறுத்தல்ல. நானா நின்னேன்."

"எலே, என்னை முட்டாளாக்காதே. ஆளுக்க பேரைச் சொல்லு, உனக்கு ஒண்ணும் வராது. சிவானந்தம் அண்ணன்தானே?"

மணியனுக்குப் புரியவில்லை. "ஆ அண்ணனா? அவரு என்னை நிக்காதேன்னு சொன்னாரு. நான் தாஸை ஏத்திக் கொண்டு வாறேன், ஒரு வாரம் பொறுன்னாரு. நாங்களும் பொறுத்தோம்."

தீபு செருமினான். சுந்தரதாஸ் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"இவ மழையிலே பாறையிலே வழுக்கி இடுப்பெலும்பு ஒடிஞ்சு கெடந்தா சாரே. ஆம்புலன்ஸ் மேல ஏறாது. ஒரு கசேரியிலே இருத்தி நாலுபேரு சுமந்து எறக்கினோம். வெளுக்காத்த நேரம். உங்க வெளக்கு இருந்ததினாலே கீழ வெளிச்சத்துக்குக் குறைவில்ல." மணியன் கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். "அதுக்கு முந்தியும் ரோடு கேட்டு நான் உங்க ஆபீசுக்கு வந்திருக்கேன். ஓர்மை இல்லியா? என்ன பேருன்னு கேட்டிய. சுந்தரதாஸ்னேன். நீங்க சத்தமாச் சிரிச்சு, எலே இஞ்ச பாருங்க, எனக்க அபரன் வந்திருக்கான், நமக்குள்ள என்னத்துக்கு மனுன்னு சொன்னிய. அந்த அறை நெறையெ ஆளு. எல்லாரும் சிரிச்சாங்க."

சுந்தரதாஸுக்கு நினைவில்லை. ஆனால் அது தன் பேச்சுத்தான் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. இந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ பேரிடம் சிரித்திருக்கிறார். அறை நிறைய ஆள் என்றால் எதிராளிக்குத் தெரிய ஒருவரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அதுவும் இங்கே அபரனை நிறுத்திய எதிராளியே இல்லையாம்.

"சின்னம் என்ன வேணும்னு கேட்டப்பொ கசேரி உண்டாண்ணு கேட்டேன், கிட்டிச்சு" என்றான் மணியன்.

"பேரு ஒண்ணுபோல இருந்ததினாலே பாவப்பட்ட ஆளுக மாறிக் குத்திட்டாங்க. இல்லேன்னா உனக்கு ஆருலே ஓட்டுப் போடுவா?" தீபு எரிந்து விழுந்தான்.

இதற்கு மினி பதில் சொன்னாள். வாக்கரில் சாய்ந்தபடி, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"மிஷினிலே போட்டோ உண்டு. இவருக்கு மீசை கெடயாது. சாருக்க சின்னம் அறியாத்த கொச்சுபிள்ள கூட இந்த மேட்டிலே இல்ல. இஞ்சயும் அக்கரெ மேட்டிலேயும் எல்லாரும் அறிஞ்சோண்டு குத்தினதாக்கும்."

சுந்தரதாஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. செம்மண் தடத்தில் வழுக்கி வழுக்கி இறங்கினார். தோற்றது இப்போதுதான் உண்மையாக உறைத்தது. அறுநூற்றுச் சொச்சம் பேர் தன்னை நன்றாகத் தெரிந்தே வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சிவானந்தத்தின் நடுங்கிய உதட்டை என்ன செய்வது? மணியன் சொன்னதை நம்பினால் இன்றைக்கே அந்த வீட்டுப் படி ஏற வேண்டும். அண்ணன் மனைவி அம்மிணி அக்கா கதவைத் திறப்பாள். அண்ணன் எழுந்து வருவார், ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டார். அந்த முகத்தின் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். நினைத்தபோதே சுந்தரதாஸுக்கு அழுகை முட்டியது, பயமாகவும் இருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்தார். தீபு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"சாரே, எங்க போவணும்? சிவானந்தம் அண்ணனுக்க வீட்டுக்கா?"

சுந்தரதாஸ் தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு சீரானது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்து, மீசையை நீவிக்கொண்டார்.

"பாத்தியாலே தீபு, அவனும் அவளும் ஒரு வார்த்தை பிசகாமச் சொன்னதை? அண்ணன் எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார். "வண்டியை ஆபீசுக்கு விடு."